கைராசிக்காரரின் பாஸ்வேர்டு

ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்னால் செஞ்சி கடைவீதியில் ஒரு மரியாதை உண்டு. டாக்டரா என்று கேட்பார்கள். இல்லை. கம்பவுண்டரா? இல்லை. எக்ஸ்ரேவா? இல்லைங்க, கம்ப்யூட்டர். ‘ஓ’ என்று ஒரு சத்தம் வரும். அந்த ‘ஓ’வோடு மரியாதை முடிந்து, அவர் வீட்டு லேப்டாப் சூடாகிற கதை ஆரம்பிக்கும்.

என் வேலையை விளக்குவதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். நீங்கள் ஓட்டுப் போடப் போகிறீர்கள். பூத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் சொந்த மச்சான். போன வாரம்தான் உங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆனாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் உங்கள் விரலுக்கு மை கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டியல் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதற்கு டைரக்டரி சர்வர் என்று பெயர். யார் இங்கே வேலை செய்கிறார்கள், யார் எந்தத் திரையைத் திறக்கலாம், யார் லேப் ரிசல்ட்டைத் திருத்தலாம், யார் வெறுமனே பார்க்க மட்டும் செய்யலாம் என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். காலையில் டாக்டர் தன் பாஸ்வேர்டை அடித்ததும், “ஆமாம், நம்மாளுதான்” என்று சொல்வது அதுதான். செஞ்சியில் ஒன்று, அவலூர்பேட்டைக் கிளையில் ஒன்று, ஆக இரண்டு. ஒன்றில் எழுதியது மற்றதிலும் தானாகப் பதிந்துகொள்ளும்.

இரண்டு இருக்கிறதே, அப்புறம் எதற்கு நகல் என்று கேட்பீர்கள். நான் கைதவறி ஒரு பெயரை இங்கே அழித்தால், அங்கேயும் அது விசுவாசமாக அழிந்துபோகும். அதனால் தினமும் தனியாக ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். நகலை எடுப்பதற்கென்று ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சின்ன புரோகிராம் குந்தியிருக்கும். அதன் பெயர் ஏஜென்ட். எங்கள் ஊரில் ஏஜென்ட் வருகிறார் என்றால் இன்சூரன்ஸ்காரர் என்று நினைத்து ஆட்கள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். இவரும் கிட்டத்தட்ட அந்தச் சாதிதான். எல்லாம் நன்றாக இருக்கிறவரை யாருக்கும் ஞாபகம் வராது.

இந்த ஏஜென்ட்டும் பட்டியலில் உள்ள ஒரு பெயரைச் சொல்லித்தான் உள்ளே போக முடியும். சும்மா போக முடியாது. அந்தப் பெயர் யாருடையது என்பதில்தான் நான் சொதப்பினேன்.

எங்கள் நிர்வாக அலுவலர் கைராசிக்காரர். ஏ.ஓ. சார் என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போர்வெல் போட்டபோது தேங்காய் உடைத்தவர் அவர். பாறைக்கு நடுவே எல்லோரும் கைவிட்ட இடத்தில் தண்ணீர் வந்தது. ஸ்கேன் மிஷினின் முதல் பட்டனை அழுத்தியவர் அவர். இன்றுவரை அதற்கு ரிப்பேர் என்று ஒருவரும் வரவில்லை. கடைவீதியில் புதுக்கடை திறப்பவர்கள்கூட முதல் போணிக்கு அவரை வந்து அழைத்துப்போவார்கள். அவர் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்.

மூன்று வருடம் முன்பு பேக்கப் ஏஜென்ட்டை நிறுவும்போது, ‘எந்தப் பெயரில் ஓட வேண்டும்’ என்று ஒரு கட்டமும் ‘பாஸ்வேர்டு’ என்று ஒரு கட்டமும் வந்தன. இதற்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டாக்க வேண்டும் என்று கூடவே கொடுத்த புத்தகத்தில் எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கம் வரை போகவில்லை. நேராக ஏ.ஓ. சாரிடம் போனேன். அவர் வந்து, கிழக்குப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தன் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு விரலால் அடித்தார். சார் பெரியவர், எல்லா உரிமையும் அவருக்கு உண்டு. ஆக ஏஜென்ட்டுக்கும் எல்லா உரிமையும் வந்தது. நகல் எடுத்த தகவல் யாருக்குப் போக வேண்டும் என்று கேட்டதற்கும் சாரின் மெயிலையே கொடுத்தேன். வந்திருந்தவர்களுக்கு மைசூர்பாகு கொடுத்தோம். கம்ப்யூட்டர் வரலாற்றில் ஏஜென்ட்டுக்குப் போணி செய்ய வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ராசியான கைதான், பொய் சொல்லக்கூடாது. இரண்டரை வருடத்துக்கு மேல் ஒரு நாள் தவறாமல் ஓடியது.

பிறகு சார் ரிட்டையர் ஆனார். காலையிலேயே விழா. மாலை, சால்வை, போட்டோ. மைக்கில் நான்தான் பேசினேன். சார் போனாலும் அவருடைய கைராசி இங்கேயே இருக்கும் என்று சொன்னேன். கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கி என் அறைக்குப் போய், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை அன்றைக்கே மூட வேண்டும் என்ற விதிப்படி, சாரின் கணக்கை மூடினேன். அந்த ஒரு விதியை மட்டும் நான் தவறாமல் கடைப்பிடிப்பேன்.

நான்கு மாதம் கழித்து எங்கள் அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை புதுச்சேரியிலிருந்து தணிக்கை செய்ய ஆள் வருவார். பட்டியலில் ஒரு பெயரை அழிக்கச் சொல்வார். நகலிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடுவார்கள். என் பதவி இங்கே இருக்காது. அந்தக் கம்பெனியே வேண்டுமானால் என்னைச் சென்னையில் எடுத்துக்கொள்ளும்.

சென்னையில் பத்து வருடம் இருந்துவிட்டுத்தான் நாங்கள் இங்கே வந்தோம். மனைவி திருவண்ணாமலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்து இப்போதுதான் அது தன் காலில் நிற்கிறது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். வந்த புதிதில் தினமும் பழைய பள்ளிக்கூடத்தைச் சொல்லி அழுதவள், ஒரு வருடமாகத்தான் அழவில்லை. இதையெல்லாம் மறுபடியும் கட்டித் தூக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு முதுகு வலித்தது. ஆனாலும் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில், ஒரு பெயரைத் திரும்பக் கொண்டுவருவது ரெண்டு நிமிஷ வேலை என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னேன்.

திங்கட்கிழமை காலை, ஒத்திகை பார்ப்போம் என்று பேக்கப் திரையைத் திறந்தேன். கடைசியாக நகல் எடுத்த தேதி, சாருக்கு நான் சால்வை போர்த்திய தேதிக்கு முந்தின நாள்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேதி மாறவில்லை. சாரின் மூடிய மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நூற்றுச் சொச்சம் கடிதங்கள், எல்லாவற்றிலும் ஒரே வரி: உள்ளே விடவில்லை, நகல் எடுக்க முடியவில்லை. பாவம் அந்த ஏஜென்ட், நான்கு மாதமாக ஆள் இல்லாத வீட்டுக்குத் தினமும் தந்தி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது மனைவியிடம் சொல்லவேண்டியதாயிற்று. அவள் கேட்டுவிட்டு ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

“நான் ஜெராக்ஸ் போட்டா தாளு வெளிய வருதான்னு பாப்பேன். நீங்க பாக்கலையா?”

எங்கள் வீட்டில் நகல் எடுக்கிற தொழிலை ஒழுங்காகச் செய்வது ஒருவர்தான் என்பது அன்று முடிவாயிற்று. மறுபடியும் மெட்ராஸா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சாரின் கணக்கை மறுபடியும் திறந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். அதுதான் சுலபம். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று அவருக்குப் போன் செய்தேன். அவர் ஓசூரில் மகள் வீட்டில் இருந்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு நிறுத்தி நிதானமாகச் சிரித்தார். தினமும் வந்த அந்த மெயில்களை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. தன் பெயரில் ஒருத்தன் இரண்டரை வருடம் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறான் என்பது அவருக்கே புதுச் செய்தி.

“ரிட்டையர் ஆனவன ஏம்பா எழுப்பற? நீ ஒரு புது ஆளப் போடு.”

புது ஆளைப் போட்டேன். ஏஜென்ட்டுக்கென்றே ஒரு கணக்கு. ஆனால் பழக்கதோஷம் விடுமா? அதற்கும் எல்லா உரிமையையும் தூக்கிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் உதவிக்கு என்று யார் வந்து நின்றாலும் ஸ்டோர் ரூம் சாவியைக் கையில் கொடுத்துவிடுவோம், அந்த மாதிரி. ஆஸ்பத்திரியில் யார் எந்தத் திரை திறக்கவில்லை என்று வந்து நின்றாலும் நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். என்ன வேண்டும் என்று பார்த்துக் கொடுக்க நேரம் ஆகும். எல்லாவற்றையும் கொடுக்க ஒரு க்ளிக் போதும். நல்ல மனுஷன் என்று வேறு பெயர் கிடைக்கும்.

தலைவலி மாத்திரைக்காக மருந்தகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருப்பவர் என்னைவிட ஐந்து வயது சின்னவர். ஆனாலும் ஆஸ்பத்திரி முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், நானும். பல தலைமுறையாகச் செஞ்சியில் இருக்கும் முஸ்லிம் குடும்பம். அவருடைய தாத்தா கடைவீதியில் அத்தர் விற்றவர். மயக்க மருந்தும் வலி ஊசியும் வைத்திருக்கும் பூட்டு அலமாரி அவர் பொறுப்பு. அந்தச் சாவியை அவரிடமிருந்து வாங்கிப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. தலைமை டாக்டரையே கையெழுத்துப் போட வைத்துவிட்டுத்தான் ஊசியைக் கொடுப்பார்.

முகத்தைப் பார்த்ததும் இன்னா ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். புது ஏஜென்ட்டுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டதையும் பெருமையாகச் சொன்னேன். அவர் மாத்திரையை வெட்டிக்கொண்டே கேட்டார்.

“எதுக்குண்ணா அவ்ளோ?”

“நகல் எடுக்கணும்ல, அக்கா.”

“வருசா வருசம் ஸ்டாக் எண்ண ஆளு வர்றாரு. அலமாரிய நான் தொறந்து காட்டறேன். எண்ணி எழுதிக்கினு போறாரு. அவருக்கு எதுக்கு சாவி? எண்றவரு எண்ணட்டும், குடுக்கறவரு குடுக்கட்டும். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா, காணாமப் போனா யாரக் கேப்பீங்க?”

மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு அறைக்குத் திரும்பி, மூன்று வருடமாகத் திறக்காத அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். அக்கா சொன்னதைத்தான் நாற்பது பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அதுதான் வேலை. ஏஜென்ட்டின் கணக்கிலிருந்து உரிமைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நகல் எடுக்கலாம், யார் பெயரையும் தொட முடியாது. சர்வருக்குள் பின்னணியில் ஓடலாம். எந்த மேசையிலும் உட்கார்ந்து லாகின் செய்ய முடியாது. கழற்றின வேகத்தில் பின்னணியில் ஓடுகிற உரிமையையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன். ஏஜென்ட் மூன்று முறை வாசலிலேயே விழுந்தது. நான்காவது முறை அந்த ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்ததும் எழுந்து நின்றது. தோல்வித் தகவல் எனக்கும், கணக்குப் பிரிவுக்கும், தலைமை டாக்டருக்கும் போகும்படி வைத்தேன். எனக்கு மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா.

அழிந்ததைத் திரும்ப வைப்பதற்கு வேறொரு கணக்கு. அதற்குத்தான் உண்மையான அதிகாரம். அதன் பாஸ்வேர்டை முப்பது எழுத்துக்கு நீட்டி, ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, அக்காவிடம் கொண்டுபோனேன். பூட்டு அலமாரியில் வைக்க முடியுமா? யோசித்தார். வைக்கலாம், ஆனால் அந்த அலமாரியிலிருந்து எது வெளியே போனாலும், ஊழியர் எண்ணைத் திரையில் அடித்து, பெயர் வந்தால், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன், உங்களுக்கும் அதேதான் என்றார். பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். என் பெயர் வராமல் யார் பெயர் வரும்?

புதன்கிழமை அவலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கேயுள்ள சர்வரிலும் ஏஜென்ட்டை வைக்க வேண்டும். அதையும் இதுவரை நான் செய்திருக்கவில்லை. மணிலாக் கடலை மூட்டைக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு போனேன். ஆடு என் சட்டையைப் பதம் பார்த்தது.

அங்கே உட்கார்ந்து ஏஜென்ட்டின் புதுக் கணக்கைக் கொடுத்தால், அப்படி ஒரு ஆளே இல்லை என்றது சர்வர். செஞ்சியில் நேற்றுச் சேர்த்த பெயர் தானாக இங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேற்று மட்டுமல்ல, இரண்டு மாதமாகவே எதுவும் வந்து சேரவில்லை என்று நோண்டிப் பார்த்ததில் தெரிந்தது. வயரைப் பார்த்தேன், சரி. நெட்டைப் பார்த்தேன், சரி. ஒரு மணி நேரம் குடைந்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் எதிரே சுவர்க்கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது. என் கையில் பன்னிரண்டு அஞ்சு. சர்வரின் மூலையில் பார்த்தேன். பன்னிரண்டே கால்.

கிளையின் பொறுப்பு நர்ஸ் செஞ்சியிலிருந்து தினமும் போய் வருகிறவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. சாயங்கால பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் நிச்சயம் கிடையாது. அதனால் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருக்கிறோம். சுவரில் ஒரு நேரம், கம்ப்யூட்டரில் ஒரு நேரம் இருந்தால் பஸ்ஸுக்கு எதை நம்புவது என்று சண்டை வந்தது. ஆகவே கம்ப்யூட்டரையும் முன்னால் தள்ளிவிட்டேன் என்றார்.

“உங்களால எப்படிம்மா சர்வர்ல நேரத்த மாத்த முடிஞ்சுது?”

“நீங்கதான் சார் எல்லாத்துக்கும் பர்மிஷன் குடுத்துட்டுப் போனீங்க. பிரிண்டர் வரலன்னு சொன்னேனே, அன்னிக்கி.”

இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று நம்ப வேண்டுமானால் அவற்றின் நேரம் சில நிமிஷத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். பத்து நிமிஷம் வித்தியாசம் என்றால், பழைய சீட்டைக் காட்டி ஏமாற்றுகிறான் என்று நினைத்து ஒன்று மற்றதை உள்ளே விடாது. ஆக இரண்டு மாதமாகச் செஞ்சியும் அவலூர்பேட்டையும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள். அவலூர்பேட்டையில் போட்ட ஊசிகள் எல்லாம் பத்து நிமிஷம் எதிர்காலத்தில் போடப்பட்டதாகப் பதிவாகியிருந்தன.

சர்வரின் நேரத்தைத் திருத்தினேன். அந்த நர்ஸுக்குக் கொடுத்திருந்த உரிமையில் பிரிண்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். சுவர்க்கடிகாரத்தைத் தொட்டால் நடப்பதே வேறு என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் புதுப் பெயர் செஞ்சியிலிருந்து வந்து சேர்ந்தது. ஏஜென்ட் உட்கார்ந்தது. சுவர் சொன்ன நேரத்தை நம்பிப் புறப்பட்டு பஸ்ஸை நானும் பிடித்தேன்.

எங்கள் நகல் மதியம் இரண்டு மணிக்கு ஓடும். அப்போதுதான் எல்லோரும் சாப்பிடப் போவார்கள். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு நான் சாப்பிடப் போகவில்லை. திரையின் முன்னால் நின்றேன். இரண்டு சர்வரிலிருந்தும் நகல் முழுசாக வந்து சேர்ந்து பச்சை நிறம் காட்டியது. மனைவிக்குப் போன் செய்து, தாளு வெளிய வந்துடுச்சி என்றேன். எழுத்து தெரியுதா பாருங்க என்றாள்.

இனி ஒரு கேள்விதான் பாக்கி. நாளைக்கு வருகிறவரிடம் நான்கு மாத ஓட்டையைச் சொல்வதா, வேண்டாமா? இன்றைய நகல் இருக்கிறது. ஒரு பெயரை அழித்துத் திரும்ப வைக்க அது போதும். பழைய பதிவைப் பார்க்கச் சொல்லி அவர் கேட்காமலே போகலாம். அந்த நப்பாசையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை நகல் இல்லை, காரணம் யார் என்று எழுதினேன். யார் என்ற இடத்தில் ஏ.ஓ. சாரின் பெயரையோ அவர் கைராசியையோ எழுதவில்லை. என் பெயரை எழுதினேன். ஊரை விட்டுப் போவதாக இருந்தாலும், நானே சொல்லிவிட்டுப் போனேன் என்று மகளிடம் சொல்லிக்கொள்ள முடியும் என்று பட்டது.

வெள்ளிக்கிழமை வந்தவர் ஒரு பெண். கத்தரிப்பூ நிறப் புடவை, சின்னக் குரல், பெரிய நோட்டு. தாளைக் கொடுத்தேன். படித்தார், மடித்து நோட்டுக்குள் வைத்தார். யார் பெயரை அழிக்கலாம் என்று மட்டும் கேட்டார்.

ஆள் கிடைக்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண், டோக்கன் போட வேண்டும், என்னை விட்டுடுங்க என்றாள். டாக்டருக்கு வாசலில் அறுபது பேர் காத்திருந்தார்கள். லேப்காரர் எங்களைப் பார்த்ததுமே பாத்ரூமுக்குள் போய்விட்டார். தணிக்கைக்காரம்மா என் பக்கம் திரும்பினார்.

“உங்களையே அழிச்சிடுங்களேன்.”

அழித்தேன். என் கையாலேயே, என் பெயரை. சர்வர் ‘நிச்சயமாகவா’ என்று கேட்டது. இந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் அப்படி அக்கறையாகக் கேட்டது அது ஒன்றுதான். சில நிமிஷத்தில் அவலூர்பேட்டையிலும் நான் இல்லை. முன்பென்றால் அங்கேயாவது பிழைத்திருப்பேன்.

திரும்பக் கொண்டுவர அந்தக் கவர் வேண்டும். மருந்தகத்துக்குப் போனோம். ஊழியர் எண்ணைச் சொன்னேன். அக்கா திரையில் அடித்தார், பார்த்தார், மறுபடியும் அடித்தார்.

“இந்த நம்பர்ல யாரும் இல்லியே.”

“நான்தான் அக்கா.”

“மூஞ்சி தெரியுது. ஸ்க்ரீன்ல இல்ல. குடுக்க முடியாது.”

முகத்தில் சிரிப்பே இல்லை. பக்கத்தில் தணிக்கை செய்பவர் நிற்கிறார், என் பிழைப்பு அந்த அலமாரிக்குள் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தணிக்கைக்காரம்மா தன் அடையாள அட்டையை நீட்டினார். நீங்களும் எங்க லிஸ்ட்டுல இல்லீங்க மேடம் என்று அக்கா அதையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பட்டியலில் இருக்கிற யாராவது வந்து கையெழுத்துப் போட்டு வாங்கட்டும் என்றார்.

வெளியே ஆம்புலன்ஸ் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் எண்ணை அடித்ததும் பெயரும் படமும் வந்தன. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“இதுல இன்னாக்கா இருக்குது?”

“இவரோட உயிரு.”

“ஆறு மாசமா எங்க ரூம் பிரிண்டர இந்தாளு பாக்கவே இல்ல. திரும்ப வரணுமாக்கா?”

“வரட்டும். வந்தாதான பிரிண்டர் பாப்பாரு.”

கையெழுத்துப் போட்டார். அந்தப் பிரிண்டரை அன்றே பார்ப்பதாகப் பட்டியலில் இல்லாத நான் சத்தியம் செய்த பிறகுதான் கவர் என் கைக்கு வந்தது.

முப்பது எழுத்தை இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை உள்ளே போனேன். நேற்றைய நகலைத் திறந்து என் பெயரைத் தேடி எடுத்து, திரும்ப வை என்றேன். ஒரு பட்டை மெதுவாக நகர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். தணிக்கைக்காரம்மா என்னைப் பார்த்தார். பட்டை முடிந்தது. மருந்தகத்துக்கு நடந்து போய் மறுபடியும் எண்ணைச் சொன்னேன். அக்கா அடித்தார். என் பெயர் வந்தது, பதவி வந்தது, எட்டு வருடம் முன்பு சென்னையில் எடுத்த படம் வந்தது.

“முடியோட வந்துட்டீங்க,” என்றார் அக்கா.

எனக்கு முன்பிருந்த உரிமைகளும் ஒன்று குறையாமல் வந்திருந்தன. தணிக்கைக்காரம்மா நோட்டில் எழுதி முடிக்கும்வரை நின்றேன். பிறகு அவர் சொன்னார்.

“நாலு மாசம் காப்பி இல்லாம இருந்திருக்கீங்க. அத நான் எழுதத்தான் செய்வேன் சார். எட்டு ஊரு பாத்துட்டேன். எல்லா எடத்துலயும் அழிச்சவரே கவரையும் எடுத்துட்டு வந்து திரும்ப வச்சாரு. இங்கதான் அழிச்சவருக்குக் கவரு கெடைக்கல. அதையும் எழுதுவேன்.”

எது பெரிய எழுத்தில் இருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர் புதுச்சேரி பஸ் ஏறினார். நான் சொன்ன வாக்குப்படி பிரிண்டரைப் பார்க்கப் போனேன். உள்ளே ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

ஆறு நாள் கடிதம் வரவில்லை. அந்த ஆறு நாளும் வீட்டில் யாரும் சென்னை என்ற சொல்லைச் சொல்லவில்லை. டீவியில் வானிலை வந்தால்கூட மனைவி சேனலை மாற்றினாள். ஏழாவது நாள் மெயில் வந்தது. எனக்கு ஒரு பத்தி முழுக்கத் திட்டு. அடுத்த பத்தியில், கம்ப்யூட்டர் வேலை செஞ்சியிலேயே இருக்கும், மாதம் ஒருமுறை ஒருவர் பெயரை அழித்துத் திரும்ப வைத்துக் காட்ட வேண்டும், மற்ற ஊர்க்காரர்களும் கவரை இப்படியே வேறொருவரிடம் பூட்டிவைக்க வேண்டும் என்று இருந்தது. அக்காவிடம் காட்டினேன். திட்டுப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஆதார் நகல் எடுக்க நாலு பேர் நின்றார்கள். மனைவியிடம் போனை நீட்டினேன். படித்தாள். அதை வாங்கி அப்படியே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை என்னிடம் கொடுத்து, ஒன்றைத் தன் மேசை டிராயரில் போட்டாள். “இது என்கிட்ட இருக்கட்டும்,” என்றாள். வரிசையில் நின்றவர்களுக்கு அவள் ஏன் கண்ணைத் துடைக்கிறாள் என்று புரியவில்லை. டோனர் தூசி என்று நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சொன்னோம். அவள் பையைக்கூடக் கழற்றவில்லை. கோ-கோ டீமுக்குப் பேர் கொடுக்கச் சொல்லி பி.டி. மிஸ் ஒரு வாரமாகக் கேட்கிறாராம். பாதியில் போய்விடுவோம் என்று இவள் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறாள். எங்களிடம் மூச்சு விடவில்லை.

“இன்னும் குடுக்கலாமாம்மா?”

“மிஸ் வீடு பக்கத்துலதான, போய்க் கேளு. நைனாவ கூட்டிக்கினு போ.”

போனோம். மிஸ் வாசலில் நின்றபடியே ஒரு நோட்டைத் திறந்து, பதினொன்றுக்குக் கீழே பன்னிரண்டு என்று போட்டு என் மகளின் பெயரை எழுதினார். பேனாவால் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ஸ்பெல்லிங் சரியாக இருந்தது.